தியேட்டர் டேபிளில் மருந்து: ராமநாதபுரம் கடற்கரைப் பக்கத்து ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) டெக்னீஷியன்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

டிப்ளமோவோ பி.எஸ்சி.யோ முடித்துவிட்டு முதல்முறையாகத் தியேட்டருக்குள் நிற்கிற தம்பி, தங்கச்சிகளுக்காக இதை எழுதுகிறேன். 2022 ஜனவரியில் ராமநாதபுரத்துக்கு மருத்துவக் கல்லூரி வந்த பிறகு மாவட்டத்துக்குப் பெரிய தியேட்டர் கிடைத்துவிட்டது, ஆனால் பரமக்குடி, கீழக்கரை, ராமேஸ்வரம், திருவாடானை என்று பார்த்தால் நம்மில் பலர் வேலை செய்வது ஒன்றிரண்டு டேபிள் உள்ள இடங்களில்தான். அங்கே ஸ்க்ரப் ஆவதும் (கை கழுவி, ஸ்டெரைல் கவுனும் கிளவுஸும் போட்டு டேபிளில் நிற்பதும்) நாம், ஆம்பியூல் (உடைத்துத் திறக்கிற கண்ணாடிக் குப்பி) எடுத்துக் காட்டுவதும் நாம், கேஸ் முடிந்து ரிஜிஸ்டரை நீட்டுவதும் நாம். இன்ஸ்ட்ருமென்ட் பெயரெல்லாம் சில மாதத்தில் கைக்குப் பழகிவிடும். மருந்து அப்படிப் பழகாது, யாராவது பக்கத்தில் உட்கார்ந்து சொல்லித்தர வேண்டும்.

ஒரு விஷயத்தை முதலில் மனசில் வாங்கிக்கொள்ளுங்கள். மருந்துக்கடையிலும் வார்டிலும் மருந்து அதன் பெட்டியோடும் லேபிளோடும்தான் இருக்கும். தியேட்டரில் மட்டும்தான் அதைப் புட்டியிலிருந்து எடுத்து, பெயரே இல்லாத ஒரு கிண்ணத்தில் ஊற்றி, இன்னும் நாலு கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைக்கிறோம். ஸலைன், லிக்னோகெயின் என்கிற மரப்பு மருந்து, ரத்தம் உறையாமல் தடுக்கிற ஹெப்பாரின் கலந்த ஸலைன், புண் கழுவுகிற ஹைட்ரஜன் பெராக்சைடு, பயாப்ஸித் துண்டு கெடாமல் வைக்கிற ஃபார்மலின், எல்லாம் பார்க்கத் தண்ணீர்தான். 1995-இல் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் காது ஆபரேஷனுக்கு வந்த 7 வயதுப் பையனுக்கு, மரப்பு மருந்து என்று நினைத்து, பஞ்சில் நனைத்து மேலே வைப்பதற்காக எடுத்திருந்த அடர்த்தியான அட்ரினலினை ஊசியில் போட்டுவிட்டார்கள். 2004-இல் சியாட்டிலில் மூளை ரத்தக்குழாய் சிகிச்சைக்கு வந்த ஒரு பெண்ணுக்கு, எக்ஸ்ரேயில் ரத்தக்குழாய் தெரிய ஏற்றுகிற கான்ட்ராஸ்டுக்குப் பதிலாகத் தோலைச் சுத்தம் செய்யும் குளோர்ஹெக்சிடின் உள்ளே போனது. இரண்டு பேரும் பிழைக்கவில்லை. இரண்டு இடத்திலும் பாத்திரத்தின் மேல் பெயர் இல்லை. புட்டியிலிருந்து நோயாளி உடம்பு வரைக்கும் மருந்தின் பெயர் அறுந்து போகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை, கீழே வருகிற ஒவ்வொரு படியும் அதற்காகத்தான்.

அப்புறம் நம் எல்லையும் தெரிய வேண்டும். மருந்து எழுதுவது டாக்டர். உடம்பில் ஏற்றுவது டாக்டரோ, மயக்கம் கொடுக்கிற அனஸ்தெட்டிஸ்டோ, அவர்கள் சொல்லி நர்ஸோ. நாம் வாங்குகிறோம், பெயர் எழுதுகிறோம், கொடுக்கிறோம், கணக்கு வைக்கிறோம். "நீயே அந்த ஐ.வி.யில தள்ளிவிடுப்பா" என்று யாராவது சொன்னால் மரியாதையாகவே மறுக்கலாம்.

படி 1: முந்தின நாளே நோயாளியிடம் பேசுங்கள்

கேஸ் ஷீட்டில் எல்லாம் இருக்கும் என்று விட்டுவிடாதீர்கள். முதலில் எடை. "ஒரு அம்பது கிலோ இருக்கும்" என்று வாய்வார்த்தையாக எழுதியிருப்பார்கள், அதை நம்பக் கூடாது, மெஷினில் ஏற்றிப் பாருங்கள், மரப்பு மருந்துக் கணக்கு முழுவதும் அந்த எண்ணில்தான் நிற்கிறது. குழந்தை என்றால் இன்னும் கண்டிப்பாக.

அடுத்தது ஒவ்வாமை. தங்கச்சிமடத்திலிருந்து வந்த ஒரு மீனவரிடம் "அலர்ஜி இருக்கா" என்று கேட்டால் "அதெல்லாம் நமக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்பதுதான் பதிலாக வரும். கேள்வியை உடைத்துக் கேளுங்கள்: "அண்ணே, ஊசி போட்டோ மாத்திரை தின்னோ உடம்பு எங்கேயாவது தடிச்சிருக்கா? மூச்சு முட்டியிருக்கா? பல்லு புடுங்கறப்ப மரப்பு ஊசி போட்டு என்ன ஆச்சு?" இப்படிக் கேட்டால்தான், போன முறை ஏதோ ஊசி போட்டு ராத்திரி முழுக்க அரித்த கதை வெளியே வரும். அந்த ஊசி எது என்று அவருக்குத் தெரியாது, பழைய சீட்டு வீட்டில் இருக்கும், எடுத்து வரச் சொல்லுங்கள்.

மூன்றாவது, சாப்பிடுகிற மருந்து. வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டை எல்லாவற்றையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்வதுதான் சிறந்த வழி. நெஞ்சுவலிக்கு மதுரையில் எழுதிக் கொடுத்த ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வால்வு ஆபரேஷன் ஆனவர்களின் வார்ஃபரின், சர்க்கரை மாத்திரை, பக்கத்து வைத்தியரிடம் வாங்கிய லேகியம், எல்லாம் பையிலிருந்து வரும். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வளைகுடாவிலிருந்து வந்த மாத்திரைகள் நிறைய இருக்கும், பிராண்டு பெயர் நமக்குப் பழகியிருக்காது, அட்டையில் சின்ன எழுத்தில் இருக்கிற மூலப்பெயரைப் படியுங்கள். ஆஸ்பிரின், குளோபிடோகிரெல், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமல் தடுக்கிற மாத்திரை ஏதாவது கண்ணில் பட்டால் அன்றைக்கே சர்ஜனுக்கும் அனஸ்தெட்டிஸ்டுக்கும் தெரிந்தாக வேண்டும், மறுநாள் காலை டேபிளில் படுக்க வைத்த பிறகு இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஹெப்பாரின் பன்றியின் குடலிலிருந்து எடுக்கிற மருந்து. ரத்தம் நிறுத்த வைக்கிற ஜெலட்டின் பஞ்சு பன்றியிலிருந்தும் வரலாம், மாட்டிலிருந்தும் வரலாம். "தம்பி, இதுல என்ன சேர்த்திருக்கு?" என்று ஒரு லாத்தா (முஸ்லிம் அக்கா) கேட்டால் மழுப்பவும் கூடாது, நாமாக ஒரு பதிலைச் சொல்லவும் கூடாது. டாக்டரிடம் சொல்லி, அவரை விட்டுப் பேச வையுங்கள். அது அவர்களுடைய உரிமை.

படி 2: ஃப்ரிட்ஜைக் காப்பாற்றுங்கள்

சித்திரை, வைகாசி வெயிலில் நம் பக்கம் ஸ்டோர் ரூம் எப்படிக் கொதிக்கும் என்று தெரியும். அந்தச் சூட்டைத் தாங்காத மருந்துகள் இவை: தசை தளர்த்துகிற சக்சினில்கோலின், அட்ராகூரியம், ரோகுரோனியம், கர்ப்பப்பையைச் சுருக்குகிற ஆக்ஸிடோசின், மெத்தில்எர்கோமெட்ரின், கார்போபிராஸ்ட், சர்க்கரைக்குப் போடுகிற இன்சுலின். இவை 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சிசேரியன் அதிகம் நடக்கிற தாலுகா ஆஸ்பத்திரியில் ஆக்ஸிடோசின் வெளியே கிடந்து வீரியம் குறைந்தால், பிரசவம் ஆன தாய்க்குக் கர்ப்பப்பை சுருங்காது, ரத்தம் நிற்காது. மருந்து போட்டாயிற்று என்று ஷீட்டில் இருக்கும், வேலை மட்டும் நடந்திருக்காது.

ஆகவே ஃப்ரிட்ஜுக்குள் ஒரு தெர்மாமீட்டர், கதவில் ஒரு தாள், காலையும் மாலையும் டிகிரியும் கையெழுத்தும். ஃப்ரீசர் சுவரை ஒட்டி வைக்காதீர்கள், உறைந்துபோன இன்சுலினும் வீண்தான். மருந்தைக் கதவுத் தட்டில் அடுக்காதீர்கள், திறக்கும்போதெல்லாம் சூடாவது அந்த இடம்தான். மதியச் சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், யாரோ வாங்கி வைத்த மீன், எதற்கும் அங்கே இடமில்லை, இதில் யார் முகத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஐப்பசி, கார்த்திகையில் கரன்ட் போகும். 2020 டிசம்பரில் புரெவி புயல் மன்னார் வளைகுடாவுக்குள் வந்து நகராமல் நின்றபோது நம் மாவட்டம் பட்ட பாடு மறந்திருக்காது. புயல் அறிவிப்பு வந்ததுமே ஐஸ்பேக்கை உறைய வையுங்கள், தடுப்பூசி எடுத்துப் போகிற கேரியர் பாக்ஸ் ஒன்றைத் தியேட்டருக்கு வாங்கி வையுங்கள், ஜெனரேட்டர் லைனில் அந்த ஃப்ரிட்ஜ் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் மழைக்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள். ஐஸ்பேக்கை எடுத்தவுடனே மருந்தோடு ஒட்டி வைக்காமல், மேலே வியர்த்து லேசாக உருகின பிறகு வையுங்கள். நம் பக்கம் உப்புக்காற்றுக்கு அலமாரித் தகரம் துருப்பிடிக்கும், ஆம்பியூல் பெட்டியின் லேபிள் ஈரத்தில் நைந்துபோகும், எழுத்து அழிந்த மருந்தை "இது அதுதான், எனக்குத் தெரியும்" என்று எடுக்காமல் தனியே ஒதுக்கிவிடுங்கள்.

படி 3: மூன்று தடவை படிப்பது

அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை, உடைப்பதற்கு முன்னால் ஒரு தடவை, காலிப் புட்டியை வைக்கும்போது ஒரு தடவை. பெயர், அடர்த்தி, மொத்த அளவு, காலாவதித் தேதி, எந்த வழியாகப் போட வேண்டியது. வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள், துகள் மிதக்கிறதா, கலங்கியிருக்கிறதா, கண்ணாடியில் கீறல் இருக்கிறதா என்று. மூடியின் நிறத்தையும் பெட்டியின் நிறத்தையும் வைத்து எடுக்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம், கம்பெனி மாறினால் நிறம் மாறும்.

இதில் உயிர் போகிற ஒரு குழப்பம் இருக்கிறது. தண்டுவடத்தில் போடுகிற மரப்பு மருந்தான புபிவகெயின் ஆம்பியூலும், ரத்தப்போக்கைக் குறைக்கிற டிரானெக்ஸாமிக் ஆசிட் ஆம்பியூலும் பார்க்க ஒன்றுபோல இருப்பதால், சிசேரியனுக்கு முதுகில் ஊசி போடும்போது மாறிப்போன சம்பவங்கள் பல நாடுகளில் நடந்திருக்கின்றன. டிரானெக்ஸாமிக் ஆசிட் முதுகுத்தண்டு நீருக்குள் போனால் கடுமையான வலிப்பு வரும், சுமார் பாதிப் பேர் பிழைப்பதில்லை. 2022-இல் உலக சுகாதார நிறுவனம் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. இரண்டையும் ஒரே டிராயரில் வைக்காதீர்கள், ஒரே டிரேயில் எடுத்து வராதீர்கள். முதுகு ஊசிக்கான ஸ்பைனல் டிரேயில் ஸ்பைனல் மருந்து மட்டும். டிரானெக்ஸாமிக் ஆசிட் அனஸ்தீசியா டிராலியிலேயே இருக்க வேண்டாம், வேறு ஒரு அலமாரியில் இருக்கட்டும், தேவைப்படும்போது நடந்துபோய் எடுக்கட்டும். அந்தப் பத்தடி நடை நல்லது.

ஹெப்பாரினும் அப்படித்தான். 5 மி.லி. வயலில் (ரப்பர் மூடி போட்ட சின்னப் புட்டி) 5,000 யூனிட் என்றும் வருகிறது, அதே 5 மி.லி. வயலில் 25,000 யூனிட் என்றும் வருகிறது, புட்டி அளவு ஒன்றுதான். ஒரு மி.லி.க்கு எத்தனை யூனிட் என்பதை வாய்விட்டுப் படிக்காமல் ஹெப்பாரினைத் தொடாதீர்கள்.

மரப்பு மருந்திலும் வயலில் வருவதற்கும் ஆம்பியூலில் வருவதற்கும் வித்தியாசம் உண்டு. பலமுறை எடுக்கிற 30 மி.லி. லிக்னோகெயின் வயலில் கெடாமல் இருக்கப் பாரபென் மாதிரி ஏதாவது சேர்த்திருப்பார்கள், அது தண்டுவடத்துக்கு ஆகாது. கண்ணுக்குள் போகிற அட்ரினலினும் அப்படித்தான், எதுவும் சேர்க்காதது வேண்டும்.

படி 4: டேபிளுக்கு மாற்றுவது

இந்தப் படியில்தான் பெயர் அறுந்து போகிறது, அதனால் கொஞ்சம் நின்று நிதானமாகச் சொல்கிறேன்.

மருந்தைக் கொண்டுவருபவர் புட்டியின் லேபிளை ஸ்க்ரப் ஆனவர் கண்ணுக்கு நேரே பிடிக்க வேண்டும், விரல் எழுத்தை மறைக்கக் கூடாது. கொண்டுவந்தவர் படிக்கிறார்: "லிக்னோகெயின், ரெண்டு பர்சென்ட், அட்ரினலின் இல்லாதது, தேதி அடுத்த வருஷம் மார்ச்." ஸ்க்ரப் ஆனவர் "ம்" என்று தலையாட்டுவது போதாது, அவர் தன் கண்ணால் படித்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். சர்ஜன் காத்திருக்கிறார் என்று இதைச் சுருக்காதீர்கள், மொத்தமே சில நொடிதான் ஆகும்.

ஆம்பியூலைக் கழுத்துப் புள்ளி நம்மைப் பார்க்க, காஸ் துணி சுற்றி, புள்ளிக்கு எதிர்ப்பக்கமாக உடைக்க வேண்டும். கண்ணாடித் தூள் உள்ளே விழும், ஃபில்டர் ஊசி இருந்தால் அதில் இழுங்கள், இல்லையென்றால் சின்ன ஊசியால் மெதுவாக, அடியில் உரசாமல் இழுங்கள். வயலின் ரப்பர் மூடியைக் கத்தரியால் நெம்பிக் கழற்றிக் கிண்ணத்தில் கவிழ்க்கிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது, அது வேண்டாம், விளிம்பு சுத்தமில்லாதது, ஊசியில் இழுத்துத்தான் மாற்ற வேண்டும்.

கிண்ணத்தில் விழுந்த உடனே பெயர் எழுத வேண்டும். ஒரு மருந்து, ஒரு கிண்ணம், ஒரு லேபிள், அது முடிந்த பிறகுதான் அடுத்த மருந்து. இரண்டு மூன்றை வாங்கி வைத்துவிட்டு "அப்புறம் எழுதிக்கலாம்" என்றால் போச்சு. முதலிலேயே லேபிள் ஒட்டிய காலிக் கிண்ணங்களை வரிசையாக வைப்பதும் தப்பு, மருந்து மாறி விழும். லேபிளில் பெயர், அடர்த்தி, கலந்திருந்தால் எதில் எவ்வளவு கலந்தது, நேரம். "லோக்கல்" என்று மட்டும் எழுதுவது லேபிள் ஆகாது. கிண்ணத்திலிருந்து சிரிஞ்சில் இழுத்தால் சிரிஞ்சுக்கும் தனி லேபிள்.

"ஸ்டெரைல் லேபிளுக்கு எங்கே போறது அண்ணே" என்று கேட்பீர்கள். பேக்கில் வருகிற ஸ்டெரைல் ஸ்கின் மார்க்கர் பேனா பெரிய விலை இல்லை, பெரும்பாலும் லேபிள் சீட்டும் கூடவே வரும். அதுவும் இல்லாத இடத்தில் நான் சொல்லுகிற ஒரு யோசனை: நம் வீட்டில் சீர்ப் பாத்திரத்துக்குப் பெயர் வெட்டுவோம் இல்லையா, அதே மாதிரி பாத்திரக்கடையில் கொடுத்து எவர்சில்வர் கிண்ணங்களில் "ஸலைன்", "பெட்டாடின்", "பெராக்சைடு" என்று ஆழமாக வெட்டி வாங்கிவிடுங்கள். ஆட்டோகிளேவில் எத்தனை தடவை போட்டாலும் அழியாது. ஆனால் பெயர் வெட்டின கிண்ணத்தில் வேறு எதையும் ஒரு தடவைகூட ஊற்றக் கூடாது, ஊற்ற விடவும் கூடாது. அடர்த்தி மாறுகிற லிக்னோகெயின், அட்ரினலின், ஹெப்பாரினுக்கு இது பயன்படாது, அவற்றுக்குக் கையால் எழுதித்தான் ஆக வேண்டும்.

ஃபார்மலின் டேபிளுக்கு வரவே கூடாது. பயாப்ஸி எடுத்த துண்டை நாம் வெளியே கொடுக்கிறோம், ஃபார்மலின் டப்பா வெளியிலேயே இருக்கட்டும். தோல் தடவ எடுத்த ஸ்பிரிட், குளோர்ஹெக்சிடின் கிண்ணத்தைத் துணி விரித்த உடனே டேபிளை விட்டு எடுத்துவிடுங்கள். ஸ்பிரிட் கலந்தது என்றால் காய 3 நிமிஷமாவது விட வேண்டும், ஈரத்தின் மேல் காட்டரி (சூட்டால் அறுக்கிற மின்கருவி) பட்டால் தீப்பிடிக்கும்.

பெயரில்லாத எதையாவது டேபிளில் பார்த்தால் கொட்டிவிடுங்கள். முகர்ந்து பார்ப்பது, "நான்தானே ஊற்றினேன்" என்று ஞாபகத்தை நம்புவது, இரண்டும் கிடையாது. விலை உயர்ந்த மருந்தாக இருந்தாலும் கொட்ட வேண்டியதுதான்.

அனஸ்தீசியா பக்கத்துச் சிரிஞ்சுகளுக்கு நிற லேபிள் உண்டு, ஐ.எஸ்.ஓ. 26825 என்ற தரத்தின்படி: மயக்க மருந்து மஞ்சள், மிடாசோலம் வகை ஆரஞ்சு, தசை தளர்த்தும் மருந்து சிவப்பு, மார்ஃபின் வகை நீலம், பி.பி. ஏற்றுபவை ஊதா, அட்ரோபின் வகை பச்சை, மரப்பு மருந்து சாம்பல். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எழுத்தைப் படித்த பிறகுதான் நிறம்.

படி 5: கணக்கு

பயப்பட வேண்டாம், பெருக்கல் வகுத்தல்தான். சதவீதத்தைப் பத்தால் பெருக்கினால் ஒரு மி.லி.யில் எத்தனை மி.கி. என்று வந்துவிடும். 1% என்றால் 10 மி.கி., 2% என்றால் 20 மி.கி., புபிவகெயின் 0.5% என்றால் 5 மி.கி.

லிக்னோகெயினுக்கு உச்ச அளவு, அட்ரினலின் இல்லாமல் கிலோவுக்கு 4.5 மி.கி., மொத்தத்தில் 300-ஐத் தாண்டாமல். அட்ரினலினோடு கிலோவுக்கு 7 மி.கி., 500-ஐத் தாண்டாமல். புபிவகெயினுக்குக் கிலோவுக்கு 2 மி.கி. என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பாம்பனில் திருக்கை முள் காலில் ஏறி உடைந்து உள்ளே தங்கிவிட்டது, 50 கிலோ ஆள், கீறி எடுக்க வேண்டும் என்று வைப்போம். 50-ஐ 4.5-ஆல் பெருக்கினால் 225 மி.கி. டேபிளில் 2% இருந்தால் 225-ஐ 20-ஆல் வகுக்க, 11 மி.லி. சொச்சம். சர்ஜன் பத்து மி.லி. போட்டுவிட்டு, வலிக்கிறது என்று நோயாளி நெளிய, இன்னொரு பத்து கேட்டால் எல்லை தாண்டிவிடும். அதையே ஸலைன் கலந்து 1% ஆக்கி வைத்திருந்தால் 22 மி.லி. வரை கையில் இருக்கும், பரவலாகப் போடலாம். இதே ஊசியை 12 கிலோ குழந்தைக்குப் போட்டால்? 54 மி.கி., 2%-இல் 2.7 மி.லி.தான். ஒரு 5 மி.லி. சிரிஞ்சை நிரப்பிக் கொடுப்பதே குழந்தைக்குக் கிட்டத்தட்ட இரட்டிப்பு அளவு. குழந்தை கேஸில் சிரிஞ்சில் எல்லை அளவுக்கு மேல் இழுத்து வைக்கவே வைக்காதீர்கள்.

லிக்னோகெயினும் புபிவகெயினும் கலந்து போட்டால் இரண்டின் நஞ்சும் சேர்ந்து கூடும், தனித்தனி எல்லை என்று நினைக்கக் கூடாது.

அட்ரினலின்தான் அதிகம் குழப்புவது. ஆம்பியூல் 1 மி.லி.யில் 1 மி.கி., அதாவது ஆயிரத்தில் ஒன்று. மரப்பு மருந்தோடு கலப்பது இரண்டு லட்சத்தில் ஒன்று, ஒரு மி.லி.யில் 5 மைக்ரோகிராம். 20 மி.லி. மரப்பு மருந்தில் ஆம்பியூலிலிருந்து 0.1 மி.லி. கலந்தால் அது வரும். அந்த 0.1-ஐ இன்சுலின் சிரிஞ்சிலோ 1 மி.லி. சிரிஞ்சிலோதான் அளக்க முடியும், "ரெண்டு சொட்டு விடு" என்பது அளவே இல்லை. ஆம்பியூலை அப்படியே இழுத்த சிரிஞ்சு டேபிளில் கிடக்கக் கூடாது, கலந்ததும் மிச்சம் வெளியே. இன்னும் ஹாலோத்தேன் என்கிற மயக்க வாயு ஓடுகிற தியேட்டராக இருந்தால் அட்ரினலின் போடும் முன் அனஸ்தெட்டிஸ்டிடம் சொல்லியே ஆக வேண்டும், இதயத் துடிப்பு தாறுமாறாகும்.

விரலில் அட்ரினலின் கூடவே கூடாது என்று நாமெல்லாம் படித்தோம். இப்போது கை அறுவை நிபுணர்கள் பலர் நீர்த்த அட்ரினலின் போட்டே விரல் வேலை செய்கிறார்கள். முடிவு சர்ஜனுடையது. நம் கிண்ணத்தில் அட்ரினலின் இருக்கிறதா இல்லையா என்று சந்தேகமில்லாமல் சொல்வது நம்முடையது.

எழுதும்போது அரையை 0.5 என்று எழுதுங்கள், முன்னால் பூஜ்யம் இல்லாமல் வெறும் புள்ளி வைத்தால் புள்ளி தெரியாமல் 5 ஆகிவிடும். முழு எண்ணுக்குப் பின்னால் புள்ளியும் பூஜ்யமும் போடாதீர்கள், 5.0 என்பது 50 ஆகத் தெரியும். யூனிட் என்பதை முழுசாக எழுதுங்கள்.

படி 6: கையில் கொடுக்கும்போது

ஒவ்வொரு தடவையும் பெயரும் அடர்த்தியும் சொல்லிக் கொடுங்கள். "சார், லிக்னோகெயின் ஒரு பர்சென்ட், அட்ரினலின் இல்லாம, பத்து எம்.எல்." அதே மருந்து மூன்றாம் தடவை போனாலும் சொல்லுங்கள். மொத்தம் எவ்வளவு போயிற்று என்று துணி ஓரத்தில் மார்க்கரால் எழுதிக்கொண்டே வந்தால், "இதுவரைக்கும் பதினஞ்சு சார், எல்லை இருபத்திரண்டு" என்று சொல்ல முடியும். இதைச் சொன்னால் சில பெரியவர்களுக்குக் கோபம் வரும். சொல்லத்தான் வேண்டும், சொல்கிற விதத்தில் மரியாதை இருந்தால் போதும்.

படி 7: அடிக்கடி வருகிற மற்றவை

சிசேரியனில் ஆக்ஸிடோசினைச் சட்டென்று ரத்தக்குழாயில் தள்ளினால் பி.பி. இறங்கும், அனஸ்தெட்டிஸ்ட் மெதுவாகத்தான் கொடுப்பார். மெத்தில்எர்கோமெட்ரின் பி.பி. அதிகம் உள்ள தாய்க்கு ஆகாது, கார்போபிராஸ்ட் ஆஸ்துமா உள்ளவருக்கு ஆகாது. ரத்தப்போக்கு நேரத்தில் எல்லாரும் ஓடிக்கொண்டிருக்கும்போது இந்த இரண்டையும் ஞாபகப்படுத்தும் ஆளாக நீங்கள் இருக்கலாம், அதற்கு முந்தின நாள் பேசியது உதவும்.

ஆன்டிபயாட்டிக் கீறலுக்கு முன் ஒரு மணி நேரத்துக்குள் போயிருக்க வேண்டும், கீறுவதற்கு முன் எல்லாரும் நின்று சரிபார்க்கிற டைம் அவுட்டில் கேளுங்கள். செஃப்ட்ரியாக்சோன் என்கிற ஆன்டிபயாட்டிக்கைக் கால்சியம் உள்ள ஃப்ளூயிடோடு, ரிங்கர் லாக்டேட்டும் அதில் சேர்த்தி, ஒரே லைனில் கலக்கக் கூடாது, படிந்துவிடும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு 3% ஒரு மி.லி. சுமார் 10 மி.லி. வாயுவை விடும். திறந்த புண்ணில் சரி, ஆழமான மூடிய குழியில் அழுத்தி ஊற்றினால் வாயு ரத்தக்குழாய்க்குள் போய் அடைக்கும். ரத்தம் உறைய மேலே தூவுகிற த்ரோம்பின் ரத்தக்குழாய்க்குள் போகவே கூடாது, அதைச் சிரிஞ்சில் இழுத்து வைத்தால் "ஊசிக்கு அல்ல" என்று பெரிதாக எழுதுங்கள். எலும்பு சிமென்ட் வைக்கும் நேரத்தை அனஸ்தெட்டிஸ்டுக்குச் சத்தமாகச் சொல்லுங்கள், பி.பி. விழலாம். கண் கேஸில் டிரைபான் ப்ளூ சாயம் கேட்டால் நீல நிறத்தைப் பார்த்து மெத்திலீன் ப்ளூவை எடுத்துவிடாதீர்கள், கருவிழியின் உள்படலம் கெட்டுவிடும்.

ஒருவருக்கு உடைத்த ஆம்பியூல் அவருக்கு மட்டும்தான். "பாதி மிச்சம் இருக்கே" என்று அடுத்த கேஸுக்கு எடுத்து வைப்பதால்தான் ஒரே நாளில் கண் ஆபரேஷன் ஆன பலருக்குச் சேர்ந்து சீழ் பிடிக்கிற கொடுமை நடக்கிறது. பலமுறை எடுக்கிற வயல் என்றால் திறந்த தேதியை எழுதுங்கள், கம்பெனி வேறு சொல்லாவிட்டால் 28 நாள். ஊசியை அதிலேயே குத்தி விட்டுவிடாதீர்கள்.

படி 8: நிலைமை கெட்டால்

மரப்பு ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போதே நோயாளி வாயைச் சுற்றி மரக்கிறது, நாக்கில் இரும்புச் சுவை, காதில் இரைச்சல் என்று சொன்னாலோ, திடீரென்று சம்பந்தமில்லாமல் பேசினாலோ, உடனே "சார், ஊசியை நிறுத்துங்க" என்று சொல்லுங்கள். அடுத்தது வலிப்பு, அதற்கடுத்தது இதயம். இதற்கு மாற்று 20% கொழுப்புக் கரைசல், முதல் தவணை கிலோவுக்கு 1.5 மி.லி., 50 கிலோவுக்கு 75 மி.லி. டாக்டர்தான் போடுவார், பாட்டில் எந்த அலமாரியில் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் இடத்தில் அது வாங்கி வைக்கவில்லை என்றால் கேட்டு வாங்க வையுங்கள்.

உடம்பு தடித்து, மூச்சிரைத்து, பி.பி. விழுந்தால் ஒவ்வாமை அதிர்ச்சி. பெரியவர்களுக்கு அட்ரினலின் ஆம்பியூலிலிருந்து 0.5 மி.லி. தொடைத் தசையில் என்பதுதான் அனஸ்தெட்டிஸ்ட் முதலில் கேட்கக்கூடியது. நாம் டேபிளை ஸ்டெரைலாக வைத்துக்கொண்டு, எந்த மருந்து எத்தனை மணிக்குப் போனது என்று அவர் கேட்கும் முன் சொல்லத் தயாராக இருக்க வேண்டும். தசை விறைத்து, உடம்பு அனலாகக் கொதித்து, கார்பன் டை ஆக்சைடு ஏறினால் மாலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா, சில மயக்க மருந்துகளால் வருகிற ஆபத்து, அதற்கு மருந்து டான்ட்ரோலீன். டான்ட்ரோலீன் 20 மி.கி. புட்டி ஒவ்வொன்றையும் 60 மி.லி. ஊசித் தண்ணீரில் கரைக்க வேண்டும், கிலோவுக்கு 2.5 மி.கி. என்றால் 50 கிலோவுக்கே ஏழு புட்டி, கரைக்கவே இரண்டு மூன்று கை வேண்டும். ராமேஸ்வரத்தில் இருந்துகொண்டு மதுரையிலிருந்து வரட்டும் என்று காத்திருக்க முடியாது. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துச் சுவரில் எழுதி ஒட்டுங்கள்.

படி 9: ஆள் மாறும்போதும், கேஸ் முடிந்த பிறகும்

பாதியில் உங்களை மாற்ற ஒருவர் வந்தால் டேபிளில் உள்ள ஒவ்வொரு கிண்ணத்தையும் சிரிஞ்சையும் தொட்டுக் காட்டிப் படியுங்கள், எவ்வளவு போயிருக்கிறது என்றும் சொல்லுங்கள். அவர் திருப்பிச் சொன்ன பிறகுதான் நீங்கள் விலக வேண்டும்.

காலிப் புட்டிகளை நோயாளி தியேட்டரை விட்டுப் போகும் வரை குப்பையில் போடாதீர்கள். ஏதாவது ஆனால் என்ன போட்டோம் என்பதற்கு அதுதான் சாட்சி. அதன் பிறகு 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி: கண்ணாடி வயல், ஆம்பியூல் நீலம், ஊசி பிளேடு வெள்ளை, ஊசி கழற்றிய சிரிஞ்சும் ட்யூபும் சிவப்பு, காலாவதியான மருந்து மஞ்சள். நம் பக்கம் காற்று சும்மா விடாது, மூடாத பை கிழிந்தால் சிரிஞ்சு கடற்கரை வரைக்கும் போகும், அங்கே குழந்தைகள் வெறுங்காலில் ஓடுகிறார்கள், அம்மாமார் கருவாடு காய வைக்கிறார்கள்.

மார்ஃபின், ஃபென்டனில், பெத்திடின், கெட்டமின் எல்லாம் 1985 என்.டி.பி.எஸ். (போதை மருந்து) சட்டத்துக்குள் வருபவை. பூட்டு, ரிஜிஸ்டர், எடுத்த அளவு, போட்ட அளவு, கொட்டிய அளவு. மிச்சத்தைக் கொட்டும்போது இன்னொருவர் கண்ணால் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். பார்க்காமல் கையெழுத்துக் கேட்டால், கேட்பவர் எத்தனை வேண்டியவராக இருந்தாலும் போடாதீர்கள்.

மருந்தால் ஏதாவது வேண்டாத விளைவு வந்தால் அதை இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்குத் தெரிவிக்கலாம், 1800-180-3024 என்ற இலவச எண் இருக்கிறது, நர்ஸும் டெக்னீஷியனும் நோயாளியும்கூடச் சொல்லலாம். கடைசி நொடியில் தப்பிய குழப்பங்களையும் தியேட்டருக்குள்ளேயே ஒரு நோட்டில் எழுதுங்கள்: எந்த மருந்து, எதனோடு மாற இருந்தது, எந்த அலமாரி. ஆள் பெயர் வேண்டாம். மாதம் ஒரு தடவை அந்த நோட்டைத் திறந்து, அதன்படி அலமாரியை மாற்றி அடுக்குங்கள்.